அடுத்த எழுத்து எங்கே விழும்? பேசிக் மொழியில் கர்சர் இடத்தை ஆளும் வழிகள்: ஒரு மதிப்பாய்வு

திரையின் பத்தாவது வரியில், முப்பத்தைந்தாவது கட்டத்திலிருந்து ஒரு சொல்லை எழுத வேண்டும். பேசிக் மொழியில் இதை எப்படிச் சொல்வது? கேட்பதற்குச் சிறிய கேள்வி. ஆனால் 1977 முதல் 1985 வரையிலான எட்டு ஆண்டுகளில் மட்டும் இதற்கு ஏறக்குறைய ஒரு டஜன் விடைகள் வந்தன. அவற்றில் பல ஒன்றுக்கொன்று முரண்பட்டவை. ஒரே நிறுவனம் விற்ற இரண்டு பேசிக்குகளில் ஒரே பெயருள்ள கட்டளை எண்களை எதிரெதிர் முறையில் வாங்கிக்கொண்டதும் உண்டு. இந்தக் குழப்பத்துக்குத் தயாரிப்பாளர்களின் பிடிவாதம் ஓரளவு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எழுத்து விழும் இடம் யாருடைய பொறுப்பு என்பதில் தெளிவு இல்லாமல் போனதுதான். மொழி அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கும். கருவி இன்னொரு கணக்கு வைத்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களிலேயே பெரும்பாலான தொல்லைகள் பிறந்தன. முக்கியமான விடைகளை அந்த அளவுகோலால் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காகிதத்தில் மேலே போக வழியில்லை

ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் 1964-இல் பேசிக்கை இயக்கிக் காட்டியபோது திரை என்ற பொருளே அங்கு இல்லை. மாணவர்கள் உட்கார்ந்தது டெலிடைப் இயந்திரங்களுக்கு முன்னால். விநாடிக்குப் பத்து எழுத்து வேகத்தில் அவை காகிதச் சுருளில் அடித்துத் தள்ளின. அச்சடித்த வரி மேலே போய்விட்டால் போனதுதான். ஆகவே இடத்தைப் பற்றிய கேள்வி ‘இந்த வரிக்குள் எவ்வளவு தூரம் தள்ளி’ என்ற அளவில் நின்றது. அதற்குக் காற்புள்ளி போதுமாக இருந்தது. பிரிண்ட் கட்டளையில் காற்புள்ளி போட்டால் அடுத்த மண்டலத்துக்குத் தாவும்; அரைப்புள்ளி போட்டால் ஒட்டி நிற்கும். பின்னர் சேர்ந்த ‘டேப்’ விரும்பிய நெடுவரிசைக்கு நேராக நகர்த்தியது.

இந்த எளிய ஏற்பாட்டிலேயே பிளவு தொடங்கிவிட்டது. டார்ட்மவுத்தில் ஒரு மண்டலம் 15 எழுத்து அகலம். மைக்ரோசாஃப்ட் அதை 14 ஆக்கியது. கொமடோர் தன் 40 எழுத்துத் திரைக்காக 10 ஆக்கியது. டேப் கேட்கும் இடத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டால் என்ன செய்வது என்பதிலும் ஒற்றுமை இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் ஜிடபிள்யூ-பேசிக் அடுத்த வரிக்குப் போய் அந்த நெடுவரிசையில் நிற்கும். கொமடோர் கேட்காதது போல இருந்துவிடும்.

ஆனாலும் வேறெந்த முறையும் பெறாத ஆயுள் இதற்குக் கிடைத்தது. டேவிட் ஆல் தொகுத்த பேசிக் விளையாட்டுகளின் நூல் 1973-இல் வெளிவந்து, 1978-இல் மைக்ரோ கணினிப் பதிப்பாக மீண்டும் வந்தது. அதன் நிரல்கள் தலைப்பை நடுவில் நிறுத்த டேப்பை மட்டுமே நம்பின. விண்வெளிப் போர் விளையாட்டில்கூட ஒவ்வொரு நகர்வுக்கும் வரைபடம் முழுவதையும் புதிதாக அச்சடித்தார்கள். அழகில்லாத வழிதான். ஆனால் எந்த இயந்திரத்திலும் ஓடியது. திரையைக் காகிதமாக நினைத்தவர்களின் நிரல்கள் இன்றும் அப்படியே ஓடுகின்றன என்பதை மற்ற விடைகளை எடைபோடும்போது மறக்கக் கூடாது.

ஒற்றை எண்ணில் முகவரி

1977-இல் கடைக்கு வந்த டிஆர்எஸ்-80 கணினியின் திரை 64 நெடுவரிசை, 16 வரி கொண்டது. மொத்தம் 1024 கட்டங்கள். அதன் பேசிக் அவற்றை 0 முதல் 1023 வரை எண்ணி, ‘பிரிண்ட் @ 532’ என்று கேட்கச் சொன்னது. எட்டாம் வரி, இருபதாம் நெடுவரிசை வேண்டுமென்றால் எட்டை 64-ஆல் பெருக்கி இருபதைக் கூட்ட வேண்டும். கையேடுகள் இதற்காகவே கட்டம் போட்ட தாள்களைத் தந்தன.

கருவியின் நினைவகம் உண்மையில் இப்படித்தான் அடுக்கப்பட்டிருந்தது. 15360 என்ற முகவரியில் தொடங்கி 1024 பைட்டுகள். ஆகவே மொழிக்கும் கருவிக்கும் இடையே கணக்குப் பிழைக்கு இடமில்லை. அதுவே இதன் பலம். பலவீனமும் அதிலேயே இருக்கிறது. அதே நிறுவனத்தின் கலர் கணினி 32 நெடுவரிசைத் திரையோடு வந்தபோது, @ குறியும் வந்தது. ஆனால் பழைய எண்கள் எல்லாம் வேறு இடங்களைக் காட்டின. திரையின் அகலம் நிரலின் ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் ஊறிப்போயிருந்ததால், ஒரு நிரலை இடம் மாற்றுவதென்றால் அத்தனையையும் மீண்டும் கணக்கிட வேண்டும். இந்த வழியைப் பின்பற்றியவர்கள் அதிகமில்லை.

தனிக் கட்டளையா, அச்சின் பகுதியா

வரி ஒன்று, நெடுவரிசை ஒன்று என இரண்டு எண்கள் தேவை என்று ஒப்புக்கொண்டவர்களும் இரு அணியாகப் பிரிந்தார்கள். கர்சரை நகர்த்துவதைத் தனிச் செயலாக வைத்தது ஓர் அணி. அதை அச்சிடும் கட்டளைக்குள்ளேயே வைத்தது மற்றொன்று.

முதல் அணியில் ஆப்பிள் II முன்னோடி. ஆப்பிள்சாஃப்ட் பேசிக்கில் ‘விடேப்’ வரியைத் தேர்ந்தெடுக்கும். ‘ஹெச்டேப்’ நெடுவரிசையைத் தேர்ந்தெடுக்கும். இரண்டும் 1-இலிருந்து எண்ணும். 1979-இல் வந்த அட்டாரி கணினிகள் ‘பொசிஷன்’ என்ற ஒரே கட்டளையில் இரண்டையும் அடக்கின. ஆனால் அட்டாரியில் ஒரு வினோதம் உண்டு. பொசிஷன் கட்டளை நிறைவேறியதும் திரையில் எதுவும் அசையாது. அது இரண்டு நினைவக இடங்களில் எண்களைக் குறித்துவைப்பதோடு சரி. அடுத்த பிரிண்ட் வரும்போதுதான் கர்சர் நகரும். திரைக்கு வெளியே உள்ள எண்ணைக் கொடுத்தாலும் பிழைச் செய்தி அப்போதுதான் எழும். தவறு ஒரு வரியில், புகார் வேறொரு வரியில்.

இந்த அணியின் பொதுவான குறை இதுதான்: இடம் என்பது நிரல் முழுவதற்கும் பொதுவான, கண்ணுக்குத் தெரியாத ஒரு நிலை. நகர்த்தும் கட்டளைக்கும் அச்சிடும் கட்டளைக்கும் நடுவே ஒரு துணைநிரல் ஓடி எதையாவது எழுதிவிட்டால், சொல் வேறெங்கோ விழும்.

இரண்டாம் அணியில் சின்க்ளேரும் ஏக்கார்னும். ஸ்பெக்ட்ரமில் ‘பிரிண்ட் அட் 10,5;’ என்று தொடங்கி அதே கட்டளையில் சொல்லையும் எழுதலாம்; நடுவில் இன்னொரு ‘அட்’ போட்டு வேறிடத்துக்குத் தாவலாம். இடமும் எழுத்தும் ஒரே மூச்சில் வருவதால் இடையே எதுவும் புக வழியில்லை. பயன்படுத்துபவர் தட்டச்சு செய்வதற்கெனக் கீழே இரண்டு வரிகள் ஒதுக்கப்பட்டன. எஞ்சிய 22 வரிகளே நிரலுக்கு. 22-ஆம் வரியைக் கேட்டால், அதாவது இருபத்து மூன்றாவதை, திரைக்கு வெளியே என்று உடனே மறுக்கும்.

ஏக்கார்ன் நிறுவனத்துக்காக சோஃபி வில்சன் எழுதிய பிபிசி பேசிக் 1981-இல் இன்னும் ஒரு படி சென்றது. பழைய டேப்பையே எடுத்து, அதற்கு இரண்டாவது எண்ணையும் ஏற்கும் பழக்கத்தைக் கொடுத்தது. டேப்(5) காகிதக் காலத்துப் பொருளிலேயே இயங்கும். டேப்(5,10) திரையின் எந்த மூலைக்கும் போகும். முக்கியமானது அதன் அடித்தளம். இரண்டு எண் கொண்ட டேப் உள்ளுக்குள் செய்வது 31 என்ற குறியீட்டையும் தொடர்ந்து இரண்டு எண்களையும் இயக்கமுறைமைக்கு அனுப்புவதுதான். ‘விடியு 31,5,10’ என்று எழுதினாலும் அதே விளைவு. திரையில் கர்சர் எங்கே என்ற கணக்கை இயக்கமுறைமையே வைத்திருந்தது; இந்த வழியில் மொழி தனக்கென்று ஒரு பேரேட்டை நம்ப வேண்டியிருக்கவில்லை. ‘போஸ்’, ‘விபோஸ்’ என்று கேட்டால் கணக்கு வைத்திருப்பவரிடமே கேட்டு விடை சொன்னது. விடியு 28-ஆல் திரைக்குள் ஒரு சிறு சாளரம் வகுத்தால் டேப்(0,0) அந்தச் சாளரத்தின் மூலையைக் குறிக்கும். நிரலை மாற்ற வேண்டியதில்லை. மத்திய அரசு 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தின் வழியாக இந்தியப் பள்ளிகளுக்கு வந்த கணினியும் இந்த பேசிக் ஓடிய பிபிசி மைக்ரோவே.

வடிவமைப்பின் தெளிவை மட்டும் பார்த்தால் அக்காலத்தின் மிகச் செம்மையான விடை இதுதான் என்பது என் மதிப்பீடு. வென்றது இது அல்ல.

லொகேட்டின் வெற்றியும் வரிசைச் சண்டையும்

1981-இல் ஐபிஎம் பிசியோடு வந்த மைக்ரோசாஃப்ட் பேசிக்கில் ‘லொகேட்’ இருந்தது. வரி முதலில், நெடுவரிசை பிறகு, இரண்டும் 1-இலிருந்து. மூன்றாவது எண் கர்சரைக் காட்டும் அல்லது மறைக்கும். அடுத்த இரண்டும் கர்சரின் உயரத்தை, எழுத்துக்கட்டத்தின் எந்தக் கோட்டிலிருந்து எந்தக் கோடு வரை என்று வரையறுக்கும். எதையும் விட்டுவிடலாம், விட்டது பழைய நிலையிலேயே இருக்கும். ஆகவே ‘லொகேட் ,,0’ என்பது இடத்தை மாற்றாமல் கர்சரை மட்டும் மறைக்கும் மந்திரமாயிற்று.

அடியில் இருந்த பயாஸ் நிரலோ 0-இலிருந்து எண்ணியது. மொழி ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கழித்துக் கொடுத்தது. இது பெரிய தொல்லை இல்லை. தொல்லை வேறிடத்தில் வந்தது. 1983-இல் எம்எஸ்எக்ஸ் கணினிகளுக்காக அதே மைக்ரோசாஃப்ட் தந்த பேசிக்கிலும் லொகேட் உண்டு. ஆனால் அங்கே நெடுவரிசை முதலில், வரி பிறகு, இரண்டும் 0-இலிருந்து. ஜப்பானின் என்இசி கணினிகளிலும் நெடுவரிசைக்கே முதலிடம். 1984-இல் வந்த ஆம்ஸ்ட்ராடின் லோகோமோட்டிவ் பேசிக் நெடுவரிசையை முதலில் வைத்து, எண்ணுவதை மட்டும் 1-இலிருந்து தொடங்கியது. ‘லொகேட் 5,10’ என்ற ஒரே வரி இந்த மூன்று மரபுகளில் மூன்று வெவ்வேறு கட்டங்களைக் காட்டும்.

இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. பக்கத்தைப் படிப்பவர் வரியைத்தான் முதலில் தேடுவார். அணிக் (மேட்ரிக்ஸ்) கணிதத்திலும் வரியே முன்னால். வரைபடத்தாளில் புள்ளி குறிப்பவருக்கோ கிடை அளவு முதலில். படமும் எழுத்தும் ஒரே திரையைப் பகிர்ந்த கணினிகள் இரண்டாவது வழக்கத்தின் பக்கம் சாய்ந்ததாகத் தோன்றுகிறது. ஆனால் ஐபிஎம் பேசிக்கில் படத்துக்கு ஒரு வழக்கமும் எழுத்துக்கு இன்னொரு வழக்கமும் அருகருகே வாழ்ந்ததால், இதை விதியாகச் சொல்ல முடியாது.

1991-இல் எம்எஸ்-டாஸ் 5-உடன் க்யூபேசிக் இலவசமாக ஒவ்வொரு பிசிக்கும் போய்ச் சேர்ந்தது. வரி-முதல் லொகேட் அதோடு பரவியது. இன்றைய ஃப்ரீபேசிக்கும் க்யூபி64-உம் அதையே தொடர்கின்றன. பிசி வென்றதால் லொகேட் வென்றது; அதன் தகுதியை யாரும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை.

எழுத்துச் சரத்துக்குள் ஒளிந்த நகர்வு

1977-இன் கொமடோர் பெட் வேறு பாதையில் போனது. கர்சரை நகர்த்த எந்தக் கட்டளையும் இல்லை. மேற்கோள்குறிக்குள் இருக்கும்போது அம்பு விசையை அழுத்தினால், கர்சர் நகராமல் அந்த நகர்வே ஓர் எழுத்தாகச் சரத்துக்குள் பதிந்துவிடும். அச்சிடும்போது கர்சர் அதன்படி நடக்கும். குறியீடு 19 மேல் மூலைக்கு, 17 கீழே, 29 வலப்புறம். கொமடோர் 64-உம் இதையே பெற்றுக்கொண்டது.

கற்பவருக்கு இது மிக இயல்பாக இருந்தது. விரல் செய்வதையே நிரலும் செய்தது. படிப்பவருக்குத் தலைவலி. திரையில் இந்த நகர்வுகள் தலைகீழ் நிறத்தில் இதயமாகவும் வேறு சின்னங்களாகவும் தெரிந்தன. அச்சில் வந்த நிரல்களில் அவற்றைப் பிரித்தறிய முடியாமல், இதழ்கள் நெளிவு அடைப்புக்குள் சொல்லாகவே எழுதிக்காட்டும் வழக்கத்துக்கு வந்தன. குறிப்பிட்ட இடத்துக்குப் போக வேண்டியவர்கள், மூலைக்குப் போகும் ஓர் எழுத்தோடு இருபத்து நான்கு கீழ் நகர்வுகளைச் சேர்த்து ஒரு நீண்ட சரமாக்கி, அதன் இடப்பக்கத்தைத் தேவையான நீளத்துக்கு வெட்டி அச்சிட்டார்கள். துணிந்தவர்கள் 781, 782, 783 என்ற முகவரிகளில் எண்களை வைத்து, 65520-இல் இருந்த கெர்னல் துணைநிரலை ‘சிஸ்’ மூலம் அழைத்தார்கள். 1985-இன் கொமடோர் 128-இல் இதற்கு ‘சார்’ என்ற கட்டளை இருந்தது.

சிபி/எம் இயக்கமுறைமையின் உலகில் நிலைமை வேறு. அங்கே மைக்ரோசாஃப்ட்டின் எம்பேசிக்குக்குத் திரை எது என்றே தெரியாது. யார் எந்த முனையத்தை இணைப்பார் என்று சொல்ல முடியாது. ஏடிஎம்-3ஏ முனையத்துக்கு எஸ்கேப், சமக்குறி, பிறகு 32 கூட்டிய வரி, 32 கூட்டிய நெடுவரிசை. விடி52-க்குச் சமக்குறிக்குப் பதில் வேறோர் எழுத்து. 1978-இன் விடி100-க்கு எண்களைப் பதின்ம வடிவிலேயே அனுப்ப வேண்டும். நிரலர்கள் இவற்றைச் ‘சிஹெச்ஆர்$(27)’ கொண்டு கோத்தார்கள்.

இரண்டு பேரேடுகளின் மோதல் இங்கேதான் பட்டவர்த்தனமாகத் தெரியும். எம்பேசிக் தான் அனுப்பிய ஒவ்வொரு எழுத்தையும் எண்ணிக்கொண்டே இருக்கும். எஸ்கேப் தொடரின் எழுத்துகள் திரையில் இடம் பிடிக்காது. ஆனால் மொழியின் எண்ணிக்கையில் சேரும். எண்ணிக்கை வரியின் அகலத்தைத் தொட்டதும், வரி நிறைந்துவிட்டது என்று நம்பி, அது தானாகவே அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். கவனமாக அமைத்த படிவம் சிதறும். பரிகாரம், ‘விட்த் 255’ என்று எழுதி எண்ணுவதையே நிறுத்தச் சொல்வது. மொழியின் கணக்கை முடக்கினால்தான் கருவியின் கணக்கு வேலை செய்யும் என்ற நிலை இந்த அணுகுமுறையின் அடிப்படைப் பலவீனத்தைச் சொல்லிவிடுகிறது. இருந்தும் இந்த எஸ்கேப் தொடர்கள் தரப்படுத்தப்பட்டு நீடித்தன; இன்றைய லினக்ஸ் முனையங்களும் விண்டோஸ் 10 முதலான கன்சோலும் அவற்றைப் புரிந்துகொள்கின்றன.

கர்சரே வேண்டாம் என்றவர்கள்

வேகம் தேடியவர்கள் கர்சரைத் தாண்டிப் போய், ‘போக்’ கொண்டு திரை நினைவகத்தில் நேரடியாக எழுதினார்கள். கொமடோர் 64-இல் 1024 முதல் 2023 வரை. ஐபிஎம் வண்ணத் திரையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று என இரண்டு பைட்டுகள். ஆப்பிள் II-இல் இது பொறி. அங்கே முதல் வரி 1024-இல் தொடங்கும், இரண்டாவது 1152-இல், ஒன்பதாவதோ 1064-இல். இடையில் விடுபட்ட பைட்டுகளில் இணைப்பு அட்டைகள் தங்கள் விவரங்களை வைத்திருந்தன; அங்கே கைவைத்தால் விபரீதம்.

இந்த வழியை வெறும் குறுக்குவழி என்று தள்ள முடியாது. பல கணினிகளில் கர்சரால் செய்ய முடியாத ஒன்றை இது செய்தது: கீழ் வலது மூலையில் ஓர் எழுத்தை வைப்பது. கர்சர் என்பது அடுத்த எழுத்தின் இடம். எழுதியதும் அது நகர்ந்தாக வேண்டும். கடைசிக் கட்டத்துக்குப் பிறகு இடமில்லாததால் திரை முழுவதும் ஒரு வரி மேலே உருண்டுவிடும். திரையைச் சுற்றிப் பெட்டி வரைய முயன்ற பலரும் இந்த மூலையில் முட்டிக்கொண்டார்கள். டிஆர்எஸ்-80-இல் 16383-இல் போக் செய்வதே வழி. விடி100 இதற்கு நுட்பமான தீர்வு கண்டது: கடைசிக் கட்டத்தில் எழுதிய பிறகும் கர்சர் அங்கேயே காத்திருக்கும், அடுத்த எழுத்து வந்தால்தான் தாவும். ஆனால் அந்தக் காத்திருக்கும் நிலையைக் கேட்டறிய பேசிக்குகளில் வழி இருக்கவில்லை.

உள்ளீட்டிலும் இதே மூலைச் சிக்கல் உண்டு. பயன்படுத்துபவர் என்டர் தட்டியதும் கர்சர் அடுத்த வரிக்குப் போய், அடிவரியாக இருந்தால் திரையை உருட்டிவிடும். ஜிடபிள்யூ-பேசிக்கில் ‘இன்புட்’ என்பதை அடுத்து ஓர் அரைப்புள்ளி போட்டால் தப்பிக்கலாம். அதிகம் பேசப்படாத சலுகை இது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் விரிவு பேசிக் இன்னும் முறையாகச் சிந்தித்தது. ‘டிஸ்ப்ளே அட்’ காட்டுவதற்கு. ‘அக்செப்ட் அட்’ வாங்குவதற்கு. பின்னதில் எத்தனை எழுத்து, எந்த வகை எழுத்து என்ற வரம்பையும் சேர்த்தே சொல்லலாம். எழுதுவதைப் போலவே கேட்பதற்கும் ஓர் இடம் வேண்டும் என்பதை மொழியின் இலக்கணமாகவே ஆக்கியவர்கள் மிகச் சிலர்.

தரநிலை சொன்னதும் சொல்லாததும்

அமெரிக்கத் தரநிலை அமைப்பு 1978-இல் வெளியிட்ட குறும பேசிக் வரையறையில் டேப் மட்டுமே இருந்தது. திரைகள் கடைகளுக்கு வந்துவிட்ட ஆண்டில், தரநிலை காகிதத்தையே பேசியது. டேவிட் லியன் அதே 1978-இல் பேசிக் வட்டார வழக்குகளுக்கு ஓர் அகராதியே தொகுக்க வேண்டியிருந்தது. 1985-இல் கெமனியும் கர்ட்ஸும் மைக்ரோ கணினி பேசிக்குகளைத் தெருவோர பேசிக் என்று கண்டித்து நூல் எழுதினார்கள்; தங்கள் ட்ரூ பேசிக்கில் ‘செட் கர்சர்’ என்ற சொற்றொடரை வைத்தார்கள். அவர்களது கோபம் நியாயமானதே. ஆனால் தரநிலை மௌனமாக இருந்த இடத்தில்தான் தெரு தனக்கு வேண்டியதைக் கட்டிக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னும் தீராதவை

1991-இன் விஷுவல் பேசிக், எழுத்துக்கட்டம் என்ற அலகையே விட்டு, படிவத்தின் மேல் ‘கரண்ட்எக்ஸ்’, ‘கரண்ட்ஒய்’ என்று அங்குலத்தின் 1440-இல் ஒரு பங்காக அளந்தது. எழுத்தின் அகலம் எழுத்துருவைப் பொறுத்து மாறும்போது நெடுவரிசைக்குப் பொருள் இல்லை. இதோடு கேள்வி முடிந்தது என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் கன்சோல் அழியவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் 2.0 ‘செட்கர்சர்பொசிஷன்’ என்ற செயலைச் சேர்த்தது: நெடுவரிசை முதலில், 0-இலிருந்து. லொகேட் பழக்கத்தோடு வருபவர்களுக்கு இரண்டு மாற்றமும் ஒரே நேரத்தில்.

இங்கே முன்பு இல்லாத இரு சிக்கல்கள் உள்ளன. திரையின் அளவு இனி மாறாத எண் அல்ல. நிரல் ஓடும்போதே பயன்படுத்துபவர் சாளரத்தைச் சுருக்கலாம், சரியாக இருந்த இடம் எல்லைக்கு வெளியே போகலாம். வெளியீடு திரைக்கே போகாமல் ஒரு கோப்புக்குத் திருப்பப்பட்டிருக்கலாம். அப்போது பத்தாவது வரி என்பது என்ன? விண்டோஸில் டாட்நெட் பிழை எழுப்பி நிறுத்துகிறது. எஸ்கேப் தொடர் அனுப்புபவர்களின் கோப்பில் குப்பை எழுத்துகள் சேர்கின்றன. மௌனமாக விட்டுவிடுவது, மறுப்பது, குறியீட்டை அப்படியே எழுதுவது என்ற மூன்றில் எது சரி என்பதில் உடன்பாடு இல்லை. எதற்காக எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து மூன்றுமே சரியாகலாம் என்றுதான் இப்போதைக்குச் சொல்ல முடிகிறது.

இதைவிட ஆழமானது, ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற அனுமானம். மேலே கண்ட எல்லா முறைகளும், டெலிடைப் முதல் லொகேட் வரை, இதன் மேல்தான் நிற்கின்றன. தமிழில் அது முதல் சொல்லிலேயே உடைகிறது. ‘கொ’ படிப்பவருக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் இரண்டு குறியீடுகள். திரையில் மூன்று வடிவங்களின் அகலம். ‘கீ’யின் ஈகாரக் குறியும் மெய்யின் புள்ளியும் யூனிகோடின் வகைப்பாட்டில் இடம் பிடிக்காதவை, ‘கா’வின் துணைக்காலோ இடம் பிடிப்பது. முனைய மென்பொருள் ஒரு சொல்லுக்கு ஆறு கட்டம் என்று கணக்கிட்டு, எழுத்துரு அதை ஏழரைக் கட்டத்தில் வரைந்தால், அதற்குப் பிறகு லொகேட் காட்டும் இடமும் கண் பார்க்கும் இடமும் ஒன்றாக இராது. க்யூபி64 புள்ளிக் கணக்கில் எழுதும் தனிக் கட்டளை ஒன்றைத் தருகிறது. அது அகலத்தை அளக்கும் பொறுப்பை நிரலரிடம் ஒப்படைக்கிறது, சிக்கலைத் தீர்க்கவில்லை. மொழி, முனையம், எழுத்துரு என இப்போது மூன்று பேரேடுகள் உள்ளன. ஒரு தமிழ்ச் சொல் எத்தனை நெடுவரிசை என்று கேட்டால் மூன்றும் ஒரே விடை தர வேண்டும் என்ற நிபந்தனையைக்கூட எந்த பேசிக்கின் வரையறையும் இன்னும் எழுதிவைக்கவில்லை.